நாலாவது தலை

பத்தாம் வகுப்பில் தன்னைவிட இரண்டு வயது மூத்த பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்து, இரண்டாம் தடவை எழுதித் தேறினாள். அவள் குடியிருந்த கட்டடத்தில் அதுவரை பத்தாம் வகுப்பைத் தாண்டிய பெண்பிள்ளை கிடையாது. சுவர் ஈரம் நெஞ்சில் இறங்கி மூன்று முறை படுத்தாள். மூன்று முறையும் எழுந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அழுக்குத் துணி பிரிக்கும் மேசையில் தொடங்கி, ஆண்கள் மட்டுமே நின்றிருந்த தேய்ப்பு உருளைக்கு வந்து, கடைசியில் கூடம் முழுவதற்கும் பொறுப்பாளரானாள். அந்த உருளைக்கு விரலைக் காவு கொடுக்காமல் வருடக்கணக்காக நின்றவர்கள் குறைவு. அவளுக்குப் பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன. வேன் ஓட்டக் கற்று முதல் சோதனையிலேயே உரிமம் வாங்கினாள். கொதிகலன் பழுதாகிக் கூடம் ஒரு வாரம் முடங்கிக் கிடந்தபோது, ஆட்களைத் திரட்டித் தொட்டிகளில் கையால் துவைக்கவைத்து, ஓர் அறுவைச் சிகிச்சைகூடத் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொண்டாள். அதற்காகத் தலைமை மருத்துவர் கையால் ஒரு சுவர்க்கடிகாரம் பரிசு வாங்கினாள். அதன் கண்ணாடிக்குக் கீழே பித்தளைத் தகட்டில் பெயர் பொறித்திருந்தார்கள்.

தகட்டில் இருந்தது அவள் பெயர் அல்ல. பள்ளிச் சான்றிதழிலும், உரிமத்திலும், சட்டையில் குத்திக்கொள்ளும் அட்டையிலும் இருந்தது அவள் பெயர் அல்ல. அது எதிர்வீட்டுத் தையல்காரியின் மகளுடைய பெயர். அந்த மகள் இரண்டு வயது நிறைவதற்குள் இறந்துபோனவள்.

இது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

நகரத்தின் ஓரத்தில் வீட்டு வாரியம் கட்டிய குடியிருப்பு அது. ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஐந்து மாடிக் கட்டடங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுக்குழாய்தான் தெரியும். லிப்டு என்று ஒன்று இருந்தது. அது எந்தக் காலத்திலோ மூன்றாம் மாடியில் நின்றுபோய், பிறகு பழைய சைக்கிள்கள் வைக்கும் அறையாகிவிட்டது. படிக்கட்டில் பல்பு போட்டால் மறுநாள் காணாமல் போகும். மழைக்காலத்தில் சுவர்கள் வியர்த்து, கட்டிலுக்குப் பின்னால் கரும்பச்சையாய்ப் பாசி படரும். சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தால் ஒரு மாதத்தில் முன்னைவிட அகலமாக வந்து நிற்கும்.

வாரியத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒற்றை அறை வீட்டுக்கு மூன்று தலை. தலை கூடினால் வீட்டைக் காலி செய்துவிட்டு, பெரிய வீட்டுக்கு எழுதிக் கொடுத்து வரிசையில் நிற்க வேண்டும். வரிசை நகரும்வரை எங்கே படுப்பது என்று வாரியம் சொல்லாது. தலை குறைந்தால் பின்கட்டில் சன்னலே இல்லாத அரை அறைக்கு மாற்றிவிடுவார்கள். இதைச் சரிபார்க்க ஓர் ஆள் வருவார். அவருக்குக் கட்டடம் வைத்த பெயர் தலையெண்ணி. தலையை மட்டும் எண்ணமாட்டார். தட்டு, தலையணை, பல் துலக்கும் பிரஷ் எல்லாவற்றையும் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றி எண்ணிவிடுவார்.

நான்காம் மாடியில் அந்தக் குடும்பம் இருந்தது. அப்பா கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர், அம்மா ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவள். ஒரு மகள். ஆக மூன்று தலை. எதிர்வீட்டில் தையல்காரி, அவள் புருஷன், ஒரு பெண் குழந்தை, அங்கேயும் மூன்று. அந்தக் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டியது. வெயில் படும் இடத்தில் வைத்திருந்தால் தேவலை என்று தையல்காரி அதைத் தன் அண்ணன் ஊருக்குத் தூக்கிப்போனாள். போன ஒரே வாரத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். வாரியத்திடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் பின்கட்டு. அதே சமயம் இந்த வீட்டில் அம்மாவுக்கு ஏழாவது மாதம்.

இரண்டு பெண்களும் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று பேசியதைப் பெரிய மகள் கதவிடுக்கில் நின்று கேட்டாள். தையல்காரி அழுதுகொண்டே பேசவில்லை. துணிக்கு அளவு சொல்வதுபோல் சொன்னாள்.

"என் வீட்டுல ஒரு தலை குறையுது. உன் வீட்டுல ஒண்ணு கூடப்போகுது. அந்த ஆளு எண்ணிட்டுப் போறவன்தானே? முகத்தையா பாத்து வச்சிருக்கான்?"

"பொண்ணாப் பொறக்கணுமே," என்றாள் அம்மா.

பெண்ணாகவே பிறந்தது. ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி வந்து வீட்டிலேயே பிரசவம் பார்த்தாள். எங்கும் எதுவும் எழுதப்படவில்லை. அப்பா ஒரு பெயர் வைத்தார். எங்கேயோ ஒரு பெரிய வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது அந்த வீட்டுச் சிறுமியை யாரோ கூப்பிடக் கேட்டதாம்; அன்றிலிருந்து மனத்தில் போட்டு வைத்திருந்த பெயர். கதவைச் சாத்தித் தாழ் போட்ட பிறகுதான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். கதவு திறந்தால் அவள் தையல்காரியின் மகள். பட்டியலில் இருந்த பெயர், பட்டியலில் இருந்த வயது. பிறப்பதற்கு முன்பே அவளுக்கு இரண்டு வயது ஆகிவிட்டிருந்தது.

கீழ்த்தளத்தில் சைக்கிள் பழுது பார்ப்பவர் ஒருவர் இருந்தார். தலையெண்ணி வாசலில் கால் வைத்ததும் அவர் ஸ்பானரை எடுத்துத் தண்ணீர்க்குழாயில் மூன்று தட்டுத் தட்டுவார். சத்தம் குழாயைப் பிடித்துக்கொண்டு ஐந்து மாடிக்கும் ஏறும். "குழாய் பேசிடுச்சு" என்பார்கள். உடனே கட்டடம் முழுவதும் கலைந்து அடுக்கப்படும். ஒரு வீட்டிலிருந்து மாமா இறங்குவார், இன்னொரு வீட்டிலிருந்து மருமகள் ஏறுவாள், ஒரு கிழவர் லிப்டுக்குள் சைக்கிள்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்வார். இதில் சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கும். படியில் இடித்துக்கொள்கிறவர்கள் ஒருவரையொருவர், "எந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாப் போறே?" என்று கேலி பேசிக்கொள்வார்கள்.

நடக்கப் பழகியதிலிருந்து அவளுக்கும் இது பழக்கம். குழாய் பேசினால் தன் தட்டு, தன் பிரஷ், தன் செருப்பு மூன்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓட வேண்டும். அங்கே துணி வெட்டும் மேசைக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டு, மற்ற நேரத்தில் அத்தை என்று கூப்பிடும் தையல்காரியை அம்மா என்று கூப்பிட வேண்டும். அழுக்குத் தலையணையை அக்கா தூக்கிக்கொண்டு பின்னால் வருவாள். நாலு வயதுக்குள் அவள் இதைத் தப்பில்லாமல் செய்தாள். வேறு பிள்ளைகள் ஒளிந்து விளையாடுவதைப்போல் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகிற ஆள் மாதிரிப் போவாள்.

ஒரு நாள் சைக்கிள்காரர் கடை திறக்கவில்லை. குழாய் பேசாமலே தலையெண்ணி வந்து கதவைத் தட்டினார். அவளுக்கு அன்று காய்ச்சல். அம்மாவின் கட்டிலில் போர்வைக்குள் கிடந்தாள்.

"இது யாரு?"

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. "எதிர்வீட்டுப் பொண்ணு சார். விளையாட வந்துச்சு. விருந்தாளி."

"போர்வை போர்த்திக்கிட்டுப் படுத்திருக்கிற விருந்தாளியை இப்பத்தான் பாக்குறேன்." நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல. "கொதிக்குதேம்மா. பெத்தவகிட்ட கொண்டுபோய் விடு."

அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். காய்ச்சல் வேகத்தில் பிள்ளைக்கு எல்லாம் மறந்துவிட்டது. கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, அம்மா," என்றது. தையல்காரி கை நீட்டி வாங்கும்போது தலையெண்ணிக்குக் கேட்கிற மாதிரி, "அம்மா இங்கதான்டி இருக்கேன்," என்றாள். அம்மா தன் வாசலில் வந்து நின்றாள். அவர் ஐந்தாம் மாடியையும் முடித்துக்கொண்டு இறங்கிப் போகும்வரை எதிர்வீட்டுக்குள் போக முடியவில்லை. இத்தனைக்கும் இரண்டு வாசலுக்கும் நடுவே இருந்தது ஒரு பாய் விரிக்கிற அகலம்.

அன்றிலிருந்து படிக்கட்டுப் பிள்ளைகள் அவளை விருந்தாளி என்றே கூப்பிட்டார்கள். வீட்டுக்குள்ளும் அதுவே நிலைத்தது. சொந்தப் பெயரைச் சொல்லிப் பழகினால் ஒரு நாள் வாய் தவறி வெளியிலும் வந்துவிடும் என்று அம்மா பயந்தாள். அப்பா மட்டும், ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, காதோடு காதாக அந்தப் பெயரைச் சொல்லுவார்.

அவளுக்கு ஏழு வயதானபோது அப்பா சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். வீட்டில் ஒரு தலைக்கு இடம் விழுந்தது. துக்கம் விசாரித்தவர்கள் படியிறங்கிய கையோடு அம்மா சின்னவளைப் பட்டியலில் சேர்க்க வாரிய அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றாள். சன்னலுக்குப் பின்னால் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டாராம்: ஏழு வயதுப் பிள்ளை இவ்வளவு நாள் எங்கே இருந்தது, எந்த வீட்டில் சாப்பிட்டது, பள்ளிக்கூடத்தில் யார் பிள்ளை என்று சேர்த்தீர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் உண்மையான பதில் சொன்னால் இரண்டு வீடும் போய்விடும் என்று அம்மாவுக்குப் புரிந்தது. தப்பான வரிசையில் நின்றுவிட்டதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். காலியான இடத்துக்கு ஊரிலிருந்து மாமா ஒருவர் வந்து பெயரைக் கொடுத்தார். அவர் ஒரு நாள்கூட அந்த வீட்டில் தங்கியதில்லை.

தான் யார் என்பது அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. தங்காதவருக்குக்கூட அந்த வீட்டில் இடம் உண்டு, தனக்கு இல்லை. அம்மாவின் மகள் என்று ஒரு தடவையாவது எங்கேயாவது எழுதப்பட வேண்டும். அதற்குப் பிறகு அவள் ஆசைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான். வேறு எதைக் கொடுத்தாலும் மரியாதையாக வாங்கிக்கொள்வாள், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வருகைப் பெயரை வாசிக்கும்போது அவள் பதில் சொல்ல ஒரு நொடி தாமதமாகும். செத்துப்போன குழந்தையின் பெயர் காதில் விழுந்து, அது தன்னைத்தான் என்று உள்ளே போய்ச் சேர்வதற்கு அவ்வளவு நேரம் பிடித்தது. காது மந்தம் என்று நினைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். காது மருத்துவர் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் எறும்பு நடந்தாலும் கேட்கும் என்று எழுதிக் கொடுத்தார். தையல்காரி அதைக் கட்டடம் முழுவதும் சொல்லிச் சிரித்தாள். பட்டியலில் உள்ள வயதுக்கு ஏற்ற வகுப்பில் உட்கார வைத்ததால் பெஞ்சில் கால் தரையைத் தொடாது. வகுப்பே மக்கு என்று சொன்ன பெண் பத்தாம் வகுப்பைத் தேறினாள் என்றால், மற்றவர்கள் தேறியதுபோல் ஒரு மடங்கு அல்ல, இரண்டு மடங்கு.

தையல்காரி அவளுக்குக் குறை வைக்கவில்லை. வாடிக்கையாளர் துணியில் மிஞ்சும் நல்ல துண்டெல்லாம் அவளுக்குத்தான் கவுனாகும். ஆனால் தைத்துப் போட்டுவிட்டு, தூர நின்று பார்ப்பாள். அந்தப் பார்வை தன் தோளுக்கு மேலே வேறு யாரையோ பார்ப்பதாக அவளுக்குத் தோன்றும். புதுத் துணி போட்ட நாளெல்லாம் அவளுக்கு உடம்பு கூசும்.

பதினெட்டு வயதில், சான்றிதழ்படி இருபதில், சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது அது. ஒரு பக்கம் வண்டி வண்டியாக வார்டுகளின் அழுக்குத் துணி வந்து விழும். இரத்தக்கறை வேறு, மலக்கறை வேறு, மருந்துக்கறை வேறு என்று பிரிக்க வேண்டும். மறுபக்கம் பெரிய உருளைகளுக்கு நடுவே ஈரத் துப்பட்டிகள் போய்ச் சூடாக வெளியே வரும். சுவரோடு ஓடிய நீராவிக் குழாய்களில் நீராவி ஏறும்போது அவை தாமாகவே டங் டங் என்று அடிக்கும். முதல் மாதம் முழுவதும், குழாய் அடிக்கும்போதெல்லாம் அவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். கூட வேலை செய்தவர்களுக்கு இது பெரிய வேடிக்கை. "எங்கம்மா கிளம்பிட்டே, ரயிலைப் புடிக்கவா?" என்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள், டப்பாவைக் கீழே வைக்காமல்.

அந்தப் பழக்கம் குறைந்தது, போகவில்லை. பொறுப்பாளரான பிறகும் தன் நாற்காலியில் நுனியில்தான் உட்கார்ந்தாள். சொந்த வீட்டில் தண்ணீர் மொண்டு குடிப்பதற்கு முன்னால் அம்மாவைப் பார்த்து, "எடுத்துக்கட்டுமா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டோம் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. செருப்பை வாசலில் விடமாட்டாள். உள்ளே கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைப்பாள். எந்தச் சுவரிலும் ஓர் ஆணி அடித்ததில்லை. பரிசாக வந்த கடிகாரம் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்ட அக்கா வருடத்துக்கு ஒரு முறை வந்து, "எடுத்து மாட்டுடி," என்பாள். "மாட்டலாம்க்கா, இரு," என்று சொல்லிவிட்டு வேறு பேச்சை எடுப்பாள்.

சலவைக்கூடத்து வேன் ஓட்டுநர் ஒருவர் இருந்தார். அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். அவள் கிளட்சை மிதிக்கும் விதத்தைப் பார்த்து, கரப்பான்பூச்சிக்கே வலிக்காது என்பார். கட்டிக்கொள்ளலாமா என்று அவர் கேட்டபோது, அவரிடம் மட்டும் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"எந்தப் பேரா இருந்தா என்ன? பதிவு ஆபீஸ்ல ஒரு கையெழுத்து. முடிச்சுட்டு வா, வீட்டுக்குப் போவோம்."

"கட்டிக்கிறவ நான். அங்க எழுதப்போறது செத்துப்போன பிள்ளையை. அப்புறம் உங்க பொண்டாட்டி யாரு?"

"அப்போ உன் பேரையே எழுது."

"எழுதினா என் வேலை போயிடும். ரெண்டு வீடும் போயிடும். எங்க அம்மாவை எங்க கொண்டுபோய் வைப்பேன்?"

அவர் பிறகும் இரண்டு வருடம் காத்திருந்தார். அதுவே அதிகம். அவருடைய கல்யாண விருந்துக்கு மேசை விரிப்புகளை அவளே உருளையில் கொடுத்து, மடிப்புக் கலையாமல் தேய்த்து அனுப்பினாள்.

தையல்காரியின் புருஷன் போனார். சில வருடம் கழித்துத் தையல்காரியும் போனாள். கடைசிக் காலத்தில் அவளுக்கு நினைவு தடம் மாறி, இவள் தான் பெற்ற பிள்ளையேதான் என்று நம்ப ஆரம்பித்துவிட்டாள். சளி கட்டிவிடும், பனியில் போகாதே என்று கையைப் பிடித்துக்கொண்டு மூக்கால் அழுவாள். தலை குறைந்தவர்களைப் பின்கட்டுக்கு மாற்றுவதை வாரியம் அக்கா கல்யாணத்துக்கு முன்பே நிறுத்திவிட்டிருந்தது; எதிர்வீடு சட்டப்படி மகளுக்கு வந்தது. அவள் அந்த வீட்டைப் பெருக்கித் துடைத்துப் பூட்டி வைத்தாள். உரிமை ஒரு வீட்டில், உறக்கம் இன்னொரு வீட்டில்.

அப்போது ஒரு நாள் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள். "அத்தையும் போயிட்டாங்க. இனிமே யாருக்கு என்ன கெட்டுப்போகுது? போய்ச் சொல்லிடலாமா?"

"சொல்லி?"

"நான் உன் பொண்ணுன்னு."

அம்மா சீப்பில் சுற்றிய முடியை எடுத்து விரலில் சுருட்டிக்கொண்டிருந்தாள். "நான் இருக்கிறவரைக்கும் இந்த வீடு போகக்கூடாது. இந்த வயசுல என்னைத் தெருவுல நிறுத்தாதே. நான் போன பிறகு உன் இஷ்டம்."

"நீ போன பிறகு அது எதுக்கும்மா?"

அதன் பிறகு அவள் மறுபடி கேட்கவில்லை.

அம்மாவுக்கும் கடைசியில் நெஞ்சுதான். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது உறவு என்ற இடத்தில் தன்னை எதிர்வீட்டுப் பெண் என்று எழுதச் சொன்னாள். இடைவேளையில் அடித்தளத்திலிருந்து ஏறி வந்து, உறவினருக்குப் போட்ட நாற்காலியில் உட்காராமல் கட்டில் கால்மாட்டில் நின்றுகொண்டே பார்த்துவிட்டுப் போவாள். அம்மாவுக்குப் போட்டிருந்த துப்பட்டி அவள் கூடத்தில் வெளுத்தது. ஓரம் நைந்திருந்தால் எடுத்துப்போய் நல்லதாக மாற்றி விரிப்பாள்.

மூன்றாம் நாள் பிற்பகல் அம்மாவுக்குக் காய்ச்சல் ஏறியது. கண்ணை மூடிக்கொண்டே கூப்பிட ஆரம்பித்தாள். கதவைச் சாத்தினால் மட்டும் சொல்லப்பட்ட பெயர். அப்பா இறந்த பிறகு யார் வாயிலிருந்தும் வராத பெயர். நாற்பது கட்டில்கள் போட்ட வார்டில் எல்லோருக்கும் கேட்கும்படி அம்மா அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். கால்மாட்டில் நின்றவளுக்கு அது காதில் விழுந்த உடனே உள்ளே போயிற்று. ஒரு நொடிகூடத் தாமதமில்லை.

நர்ஸ் வந்தாள். "யாரைக் கூப்பிடுறாங்க?"

"அவங்க சின்னப் பொண்ணை."

"எங்க இருக்காங்க அவங்க? வரச் சொல்லலாமே."

"வெளியூர்ல," என்றாள் அவள்.

சொல்லிவிட்டாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. நாற்பது வருடம் பழக்கிய வாய். அம்மா மறுபடியும் கூப்பிட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பதில் குரல் கொடுக்கவில்லை. நர்ஸ் பக்கத்திலேயே நின்றாள், குறித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வேளைத் துணி வண்டி வந்துவிட்டது என்று கீழே இருந்து ஆள் வந்தது. போனாள்.

மறுநாள் காலை, உருளை சூடேறிக்கொண்டிருக்கும்போது வார்டிலிருந்து தகவல் வந்தது. எதிர்வீட்டுக்காரங்க யாரோ இங்க வேலை செய்றாங்களாமே, அவங்ககிட்டச் சொல்லிடுங்க என்று சொல்லிவிட்டிருந்தார்கள்.

உடலை எடுத்துப்போக இரத்த உறவு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். பிணவறைக்கு வெளியே ஒரு சிறிய மேசை. அதில் இருந்த குமாஸ்தா அவளைப் பல வருடமாக அறிந்தவர். எழுந்து நின்று வருத்தம் சொன்னார். ஸ்டூலை இழுத்துப் போட்டார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"எதிர்வீட்டுக்காரங்க கையெழுத்துச் செல்லாதுக்கா. உங்களுக்குத் தெரியாததா? பெரிய பொண்ணுக்குச் சொல்லிட்டீங்களா?"

சொல்லியாயிற்று. அக்கா கிளம்பிவிட்டாள், வந்துசேர மறுநாள் சாயங்காலமாகும்.

"அப்போ அதுவரைக்கும் உள்ளே பெட்டியில இருக்கட்டும். ஒண்ணும் ஆகாது. இல்லேன்னா சின்னப் பொண்ணு ஒருத்தங்க வெளியூர்ல இருக்கிறதா நர்ஸ் எழுதியிருக்காங்க. அவங்க சீக்கிரமா வர முடிஞ்சா…"

காத்திருந்தால் எதுவும் கெட்டிருக்காது. வேலை இருந்திருக்கும், எதிர்வீடு இருந்திருக்கும், இன்னும் பத்து வருடத்தில் ஓய்வூதியம் வந்திருக்கும். அக்கா வந்து ஒரு கையெழுத்துப் போட்டிருப்பாள், இவள் ஓரமாக நின்றிருப்பாள், வந்தவர்கள் எதிர்வீட்டுப் பெண் எவ்வளவு செய்கிறாள் பார் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இது எல்லாம் அவளுக்குத் தெரியும். இரும்புக் கதவைப் பார்த்தாள். ஸ்டூலில் இன்னும் உட்காரவில்லை. அப்போது உட்கார்ந்தாள், முழுசாக, சுவரில் முதுகு சாய்த்து.

"சின்னப் பொண்ணு வந்தாச்சு," என்றாள். "நான்தான்."

குமாஸ்தா அவள் சட்டையில் இருந்த அட்டையைப் பார்த்தார். அவள் அதைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். அங்கேயே அக்காவுக்குப் போன் போட்டு, குமாஸ்தாவிடம் கொடுத்தாள். அக்கா ரயில் நிலையத்து இரைச்சலுக்கு நடுவே இரண்டு தடவை உரக்கச் சொன்னாள்: "ஆமா சார். என் கூடப் பிறந்தவ. எங்கம்மா வயித்துல பிறந்தவ."

போனை வைத்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். "இது மேல போகும்க்கா. நான் மறைக்க முடியாது. ஒரு நாள்தானே, பொறுத்துக்கலாம்ல?"

"எங்க அம்மா கூப்பிட்டப்ப நான் பக்கத்துல நின்னுகிட்டு வெளியூர்ல இருக்கான்னு சொன்னேன் தம்பி. பொறுத்தது போதும். தாளைக் கொடுங்க."

அந்தக் கையெழுத்தால் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதினைந்து நாளில் விசாரணை வந்தது. இறந்த குழந்தையின் பெயரில் பார்த்த வேலையை வேலையாக எடுத்துக்கொள்ள முடியாது என்று ஆஸ்பத்திரி நிர்வாகம் சொல்லிவிட்டது. வழக்குப் போடாமல் விட்டதே பெரிய தயவு என்றார்கள். வாரியம் இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் பூட்டுப் போட்டது. தலையெண்ணியின் இடத்தில் இப்போது ஓர் இளைஞர் வருகிறார். அவர் அவளிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார், அவள் தன் சாமான்களை மூட்டை கட்ட எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்து, இவ்வளவுதானா என்று கேட்டார். இப்போது அக்காவின் ஊரில் ஓர் ஓட்டு வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். ஒரு விடுதிக்குத் துணி வெளுத்துக் கொடுக்கிறாள். அக்கா தன்னோடு வந்து இரு என்று கெஞ்சிப் பார்த்தாள். விருந்தாளியாக இருந்தது போதும் என்றுவிட்டாள். அதற்காக அவள் மாறிவிட்டாள் என்று சொல்வதற்கில்லை. கதவு தட்டப்பட்டால் இன்றும் தட்டோடு எழுந்து நிற்கிறாள். நெஞ்சுச் சளி ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறது. பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் உடனே திரும்புகிறாள். பிறகு முகம் வெளுத்து, வார்டில் கேட்ட குரல் எந்தப் பக்கம் என்று தேடுவதுபோல் சுற்றும் முற்றும் பார்க்கிறாள்.

அதெல்லாம் பிற்பாடு. அன்று குமாஸ்தா தாளைத் திருப்பி வைத்து, இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். எத்தனையோ துணிக் கணக்குகளுக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட கை அது. பழக்கத்தில் இறந்த குழந்தையுடைய பெயரின் முதலெழுத்தைப் போட்டுவிட்டது. அவர் வேறு தாள் எடுத்துக் கொடுத்தார். இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல் ஒவ்வொரு எழுத்தாக, கோட்டுக்கு மேல் ஏறாமல் கீழே இறங்காமல், அப்பா வைத்த பெயரை எழுதினாள். உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதினாள். தேதியை அவர் போடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்று தானே போட்டாள்: 2011 நவம்பர் 9, புதன்கிழமை.